மேட்டில் வைத்த குளம்

"ஹலோ... ஆமா, நான்தான்... சொல்லுங்க மாப்பிள்ளை... ஆமா, ஆமா, கடையிலதான் இருக்கேன், வேற எங்க போவேன்?... என்னது, ஓடலையா?... எது ஓடலை?... இருங்க, இருங்க. மூச்சு விட்டுட்டுச் சொல்லுங்க... கோல்ஃப் மைதானம் வரையற சாப்ட்வேரா? நம்ம பழைய சாப்ட்வேரா?... அதை எதுக்கு இப்போ தோண்டி எடுத்தீங்க?... சரி... சரி... எந்த மெஷின்ல போடறீங்க?...

"...அந்த சோப்பு டப்பாவிலயா?"

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அந்தக் கடைக்காரரைக் கடைத்தெரு முழுக்கக் கடுகு என்றுதான் கூப்பிடும். ஆள் சிறிய உருவம். கொஞ்சம் சூடு பட்டால் போதும், வெடித்துவிடுவார். எதிர்முனையில் பேசியவர் அவருடைய தங்கை கணவர். கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் ஒரே வாடகை அறையில் கிடந்த நண்பர்கள். அப்போதெல்லாம் 'டேய்', 'போடா'தான். தங்கைக்குக் கல்யாணமான மறுநாளிலிருந்து கடுகு நாக்கைக் கட்டுப்படுத்திக்கொண்டு, 'மாப்பிள்ளை, வாங்க, போங்க' என்று மாறினார். மரியாதை மட்டும்தான் மாறியது, அபிப்பிராயம் மாறவில்லை.

அன்று மதியம் கடையில் அவருக்குக் காலை நீட்டக்கூட இடமில்லை. வீட்டு மாடி அறையில் அடுக்கி வைத்திருந்த பழைய குண்டு மானிட்டர்களையெல்லாம் காலையில்தான் இறக்கிக் கடைக்குக் கொண்டுவந்திருந்தார். அவை பின்பக்கத்தைத் துருத்திக்கொண்டு அவரைச் சுற்றி வளைத்து நின்றன. ஏன் இப்படி என்று கேட்ட பக்கத்துக் கடைக்காரர் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்.

"இல்லை, தெரியாமத்தான் கேக்கறேன். மச்சான்னு ஒருத்தன் கடை வெச்சு உட்கார்ந்திருக்கேன். கம்ப்யூட்டர் வாங்கணும்னா ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?... கரண்ட் கம்மியா இழுக்குமா? ஆமா, கம்மியாத்தான் இழுக்கும். வேலை செஞ்சாத்தானே இழுக்கிறதுக்கு!... சத்தமே வராதா? ஃபேனே இல்லைன்னா சத்தம் எங்கிருந்து வரும்? அது டிவிக்குப் பின்னாடி ஒட்டி வெச்சுப் படம் பார்க்கிற சாமான் மாப்பிள்ளை, அதைப் போய்க் கம்ப்யூட்டர்ங்கறீங்க... சரி, சரி, கோவிச்சுக்காதீங்க... எங்க இருக்கீங்க இப்போ?... கிளப்புலயா? மீட்டிங் ரூம்லயா?... கமிட்டி வரப் போகுதா?... இன்னிக்கா?... இன்னிக்குன்னு தெரிஞ்சும் இதை நேத்தே போட்டுப் பார்க்கலையா நீங்க?... கடவுளே."

கடுகு தலையில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளை ஒரு கோல்ஃப் கிளப்பில் தற்காலிக உதவி மேலாளர். அங்கே ஏழாவது குழியில், கொடி நட்டிருக்கும் இடத்தில், மழை பெய்தால் தண்ணீர் தேங்கி நிற்கும். கோல்ஃபில் பந்து அடிக்கும் இடத்திலிருந்து கொடி வரைக்குமான நிலம் முழுவதையுமே குழி என்றுதான் சொல்வார்கள். அந்தக் குழியை மாற்றி அமைக்க வேண்டும், யாரையாவது கூப்பிட்டு வரையச் சொல்லலாம் என்று கமிட்டி பேசிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை கையைத் தூக்கிவிட்டார். நானே வரைந்து காட்டுகிறேன் என்றார். வரைபடம் கமிட்டிக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இப்படிக் கையைத் தூக்கித் தூக்கியே அவர் இதற்கு முன்னால் பார்த்த வேலைகளையெல்லாம் தொலைத்திருந்தார்.

காலையில் தங்கை போன் செய்திருந்தாள். "இந்த வேலையும் போச்சுன்னா, புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு உன் வீட்டு மாடிக்குத்தான் வரணும் அண்ணா" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். வேலை நிலைக்கும் என்று கடுகு ஒரு நொடிகூட நம்பவில்லை. மானிட்டர்களைத் தூக்கிக்கொண்டு இறங்கியது அதனால்தான்.

"சரி, இன்ஸ்டால் பண்ணினா என்ன சொல்லுது? படிங்க... 'இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரில் இயங்காது.' ஆமா, இயங்காது. அந்த இன்ஸ்டாலர் பதினாறு பிட்... புரியலையா? விடுங்க. ரொம்பப் பழசு, புது விண்டோஸ் அது முகத்தையே பார்க்காது, அவ்வளவுதான்... இல்லை, இல்லை, அதே பட்டனை மறுபடி மறுபடி அமுக்கினா அதுக்கு மனசு மாறிடாது! கையை எடுங்க... எடுத்துட்டீங்களா? இப்போ கேளுங்க. இன்ஸ்டாலர்தான் கிழடு. உள்ளே இருக்கிற சாப்ட்வேர் கொஞ்சம் இளசு, அது ஓடும். உங்க பழைய கம்ப்யூட்டர்ல ஏற்கனவே போட்டு வெச்சிருந்த ஃபோல்டர் இருக்குமே, அதை அப்படியே எடுத்துட்டு வந்தீங்களா?... பென் டிரைவ்லயா?... பரவாயில்லையே... இல்லை, பாராட்டலை. ஆச்சரியப்பட்டேன்."

"அதை சி டிரைவ்ல நேரா வைங்க... டெஸ்க்டாப்ல வேண்டாம்... ஏன்னா நான் சொல்றேன்... ஃபோல்டருக்கு என்ன பேர் வெச்சிருக்கீங்க?... என்னது?... 'ஏழாவது குழி புதிய வடிவமைப்பு இறுதி இறுதி'யா? மாப்பிள்ளை, அது அந்தக் காலத்துச் சாப்ட்வேர். அவ்வளவு நீளமாக் கூப்பிட அதுக்கு மூச்சு பத்தாது. கோல்ஃப்னு சின்னதா வைங்க... ஆமா, வெறும் கோல்ஃப்... இப்போ திறங்க... சிடி கேக்குதா? கேக்கும், கேக்கும். அந்த டப்பால சிடி போட வாய் ஏது?... அந்த ஃபோல்டர்லயே சிடியோட நகல் ஒண்ணு ஒரே ஃபைலா இருக்கும் பாருங்க, அப்போ நான்தான் எடுத்து வெச்சேன்... இருக்கா? அதை ரெண்டு தட்டு தட்டுங்க. சிடி போட்ட மாதிரியே புதுசா ஒரு டிரைவ் வரும்... வந்துச்சா?... நன்றியெல்லாம் அப்புறம். திறங்க."

"...என்ன? புல்லு ஊதாவா இருக்கா?... வானம்?... சிவப்பா?... மரமெல்லாம் என்ன, மஞ்சளா? நல்லாத்தான் இருக்கும், உங்க கமிட்டிக்காரங்களுக்கு மயக்கமே வந்துடும்... பதறாதீங்க, பதறாதீங்க. அதுக்கு இருநூத்தி ஐம்பத்தாறு கலர்தான் எண்ணத் தெரியும். விண்டோஸ் நடுவுல புகுந்து கலரைத் திருடுது. விண்டோஸைக் கொஞ்ச நேரம் வெளியே போகச் சொல்லணும்... கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப், மூணையும் சேர்த்து அமுக்குங்க... ஒரு கையில எப்படி அமுக்குவீங்க? போனைக் காதுல இடுக்கிக்கிட்டு டான்ஸ் ஆடாதீங்க! ஸ்பீக்கர்ல போட்டு மேசைல வைங்க. ரெண்டு கையும் வேணும்... வெச்சீங்களா? நான் பேசறது கேக்குதா?... நல்லாக் கேக்குதா? அப்போ சரி."

"லிஸ்ட் வருதா? அதுல எக்ஸ்ப்ளோரர்னு இருக்கும். அதை நிறுத்துங்க... கீழே இருக்கிற பட்டை, படம் எல்லாம் காணாமப் போகும், பயப்படாதீங்க... போச்சா?... ஐயோவா? ஐயோ எதுக்கு? போகும்னு இப்பத்தானே சொன்னேன்!... இப்போ புல்லைப் பாருங்க. என்ன கலர்?... பச்சை. அப்பாடா. கடவுள் இருக்கார் மாப்பிள்ளை, உங்களை மாதிரி ஆளுங்களுக்காகவே இருக்கார்... மரம் ஒண்ணொண்ணா வருதா? வரட்டும். அப்பவும் அப்படித்தான் நட்டுக்கிட்டு வரும். உங்க டப்பா இதுக்கே திணறும், அவசரப்படுத்தாதீங்க. இப்போ உங்க டிசைனைத் திறங்க. என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லுங்க. நான் இங்கிருந்து பார்க்க முடியாது, நீங்கதான் என் கண்ணு."

"...ம்... பந்து அடிக்கிற இடம்... ம்... கொஞ்ச தூரம் புல்லு... ம்... நடுவுல ஒரே ஒரு மரம். ஒண்ணே ஒண்ணா?... ம்... வலது பக்கம் சாஞ்ச மரமா?...

"...இருங்க. நீங்க பேசாதீங்க. மிச்சத்தை நான் சொல்றேன். மரத்துக்குப் பின்னாடி மூணு மணல் குழி. நடுவுல இருக்கிறது சின்னது... இருக்கா? இடது பக்கத்துல இருந்து ஒரு குளம் வளைஞ்சு வந்து கொடியைச் சுத்திக்கும்... சுத்திக்குதா?... எனக்கு எப்படித் தெரியும்னா கேக்கறே?"

தெரியாமல் எப்படி இருக்கும். அந்த வாடகை அறையில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். ஒருவர் வேலைக்குப் போன நேரத்தில் இன்னொருவர் அந்த சாப்ட்வேரில் உட்கார்ந்து மேடும் பள்ளமும் செய்துகொண்டிருப்பார். இருவருமே நிஜ கோல்ஃப் பந்தைக் கையால்கூடத் தொட்டதில்லை. அப்படியிருந்தும் கடுகு ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த ஒரு குழியோடு மல்லுக்கட்டினார். மரம் நேராக நின்றால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது என்று அதைச் சாய்க்கவே பல நாள் போனது. வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டுச் செய்த காரியங்கள் ரொம்பக் குறைவு. அதில் அது ஒன்று.

"டேய்! அது என் குழிடா!... என்ன நம்ம குழி? என் குழி! நீ போட்டதெல்லாம் நேர்கோடு! சாலை போடற மாதிரி ஒரே நேர்கோடா இழுத்துட்டு, அதுக்கு ரெண்டு பக்கமும் மரத்தை நட்டுட்டு, பிரமாதம்னு தட்டிக் கொடுத்துக்குவே!... சத்தம் போடாதேங்கறியா? போடுவேன்!... கமிட்டிகிட்ட நானே வரைஞ்சேன்னு சொன்னியா?... சொன்னியா இல்லையா?... சொன்னப்போ வாய் கூசலை?... ஒரு போன் பண்ணி என்னைக் கேட்டிருக்கலாமே?... திட்டுவேனா? ஆமா, திட்டுவேன்! திட்டிட்டுக் குடுத்திருப்பேனேடா!"

எதிர்முனையில் மாப்பிள்ளை எதையோ சொல்லிச் சமாதானப்படுத்தப் பார்த்தார்.

"...புகழாதே. புகழ்ந்தா அடங்கிடுவேன்னு பார்க்கறியா?... ம்... என்ன, குளமா?... அடிக்கிற இடத்துல இருந்தே தண்ணி மின்னுதா?... முழுக் குளமும் தெரியுதா?..."

அங்கேதான் கடுகுக்கு அந்தக் குளத்தின் கோளாறு நினைவுக்கு வந்தது.

சமதரையில் குளம் வைத்தால், அடிக்கிற இடத்திலிருந்து பார்க்கும்போது தண்ணீர் ஒரு கோடு மாதிரிதான் தெரியும். அது பிடிக்காமல் அவர் நிலத்தை உயர்த்தி, சரிவின் மேலே தண்ணீரைப் பூசிவிட்டிருந்தார். சாப்ட்வேருக்குத் தண்ணீர் என்பது ஒரு நீல நிறம். சுவரில் பூசினாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். நிஜ மண்ணில் அந்தக் குளம் ஒரு நிமிடம் தங்காது, நேராகக் கொடியின் காலடிக்கு வந்து இறங்கும். தண்ணீர் தேங்குகிறது என்று அழும் கமிட்டியிடம், கொடிக்கு மேலே ஒரு குளத்தையே கட்டித் தொங்கவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்லப் போகிறார்.

கடுகு இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மற்றதைக் கமிட்டி பார்த்துக்கொள்ளும். திருடின பொருளே திருடினவனைக் காட்டிக்கொடுக்கும் என்ற நினைப்பு அவருக்கு இனித்தது, அதை மறைப்பதற்கில்லை. அப்போதுதான் சுற்றிலும் நின்ற மானிட்டர்கள் கண்ணில் பட்டன. பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்த தங்கையின் குரலும் கூடவே வந்தது.

"டேய், நான் சொல்றதை ஒழுங்காக் கேளு. அந்தக் குளம் மேட்டுல இருக்கு... ஆமாடா, மேட்டுல, சரிவுல! தண்ணி நிக்கவே நிக்காது. எல்லாம் வழிஞ்சு உன் கொடிகிட்ட வந்து சேரும். இதைக் காட்டினே, நீ செத்தே!... கண்டுபிடிக்க மாட்டாங்களா? ஏன்டா, உன் கமிட்டிக்காரங்க ஒரு சின்னப் பந்தைத் துரத்திக்கிட்டே வாழ்நாளைக் கழிக்கிறவங்கதான், ஒத்துக்கறேன். அதுக்காகத் தண்ணி பள்ளத்துக்கு ஓடும்னு தெரியாத மக்குங்களா எல்லாரும்? அந்தக் கூட்டத்துல ஒருத்தனுக்காவது மூளை இருக்காதா?... இருக்கும்ல?... டேய்?... ஹலோ?... ஏன்டா பேச மாட்டேங்கறே?...

"...யாரு?...

"...கமிட்டித் தலைவர் ஐயாவா?"

கடுகு சடாரென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் முழங்கை ஒரு மானிட்டரில் இடித்தது. வலியைப் பல்லுக்குள் அடக்கிக்கொண்டார்.

"வணக்கம் ஐயா... ஆமாங்க, ஸ்பீக்கர்லதான் இருக்கு. நான்தான் போடச் சொன்னேன்... எல்லாரும் எப்போ வந்தீங்க ஐயா?... சாஞ்ச மரம்னு பேசினதுல இருந்தா?... அப்போ எல்லாம் கேட்டிருப்பீங்க... அந்தப் பந்தைத் துரத்தறதும்... மூளை விஷயமும்... சரிங்க ஐயா... நியாயம்தான் ஐயா."

"...யாரோட வரைபடமா?..."

'என்னுடையது' என்று ஒரு வார்த்தை. சொன்னால் உண்மைதான், பொய்யில்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இவ்வளவு பேர் கேட்கிற இடத்தில் அந்தக் குழியை என்னுடையது என்று சொல்ல அவருக்கு இன்னொரு சந்தர்ப்பம் வரவே வராது. கடுகு மானிட்டர்களைப் பார்த்தார்.

"ஐயா, அதை நாங்க ரெண்டு பேரும் ஒரே கம்ப்யூட்டர்ல மாறி மாறி உட்கார்ந்து போட்டோம்... கத்தினது நான்தாங்க. கோவம் வந்தா கண்ணுல படறது எல்லாமே என்னுதும்பேன். எங்க தெருவுல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க... எது யார் கைன்னு இப்போ பிரிக்க முடியாதுங்க. அந்தக் குளத்தை மட்டும் பிரிச்சுடலாம். அதை மேட்டுல தூக்கி வெச்ச முட்டாள் நான். மாப்பிள்ளை அப்பவே வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டார், நான்தான் கேக்கலை."

மாப்பிள்ளை அப்போது தலையாலும் அடித்துக்கொள்ளவில்லை, வேறு எதாலும் அடித்துக்கொள்ளவில்லை. அந்தக் குளத்தைப் பார்த்துக் கைதட்டிய ஒரே ஆள் அவர்தான்.

"...சரி பண்ண முடியும் ஐயா. உங்க கண் முன்னாடியே மாப்பிள்ளை சரி பண்ணிக் காட்டுவார்... மாப்பிள்ளை, இருக்கீங்களா?... தொண்டையைச் சரி பண்ணிக்கங்க முதல்ல... மண்வெட்டி மாதிரி ஒரு படம் இருக்கும், அதை எடுங்க. குளத்தை முழுசா வளைச்சுப் பிடிங்க... பிடிச்சாச்சா? இறக்குங்க... இன்னும்... இன்னும். பயந்து பயந்து இறக்காதீங்க, கொடி இருக்கிற இடத்தைவிட நல்லாத் தாழப் போகட்டும்... போதும். இப்போ கொடியடியைக் கொஞ்சம் மேலே தூக்குங்க, குளத்துப் பக்கம் சாய்வா... அவ்வளவுதான். இனிமே மழை பெஞ்சா தண்ணி கொடிகிட்ட நிக்காது. குளத்துக்குப் போயிடும்... இப்போ படத்தை மறுபடி போடச் சொல்லுங்க. போடட்டும், யாரும் எதையும் தொடாதீங்க."

அந்தச் சிறிய டப்பா முக்கி முனகிப் புல்லையும் மரத்தையும் நட்டுக்கொண்டிருந்த நேரம் முழுவதும், அந்த அறையில் யாரோ கோப்பையில் கரண்டியைச் சுற்றுவது மட்டும் கடுகுக்குக் கேட்டது. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

"...என்னங்க ஐயா?... அடிக்கிற இடத்துல இருந்து தண்ணி தெரியலையா?... தெரியாதுங்க... தெரியணும்னுதான் அன்னிக்கு அதை மேட்டுல வெச்சேன்... ஆமாங்க, அழகு போச்சுதான்... கிட்ட நடந்து போய்ப் பார்த்தா தெரியும். எல்லாருக்கும் கால் இருக்குல்ல... சிரிக்கறீங்களா ஐயா?... நானா? கோல்ஃபா? பந்தைத் தொட்டதே இல்லைங்க. மாப்பிள்ளையும்தான்... ஐயையோ, அதைக் கேக்காத மாதிரி விட்டுடுங்க... சரிங்க ஐயா... சரிங்க... இருக்கேன்."

அவர் இருந்தார். எதிர்முனையில் நாற்காலிகள் நகர்ந்தன, பல குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று பேசின, ஒரு கதவு சாத்தப்பட்டது. ஒரு வார்த்தையும் தெளிவாகக் கேட்கவில்லை. கடுகு மானிட்டர் ஒன்றின் மேலிருந்த தூசியை விரலால் தள்ளித் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

"ஹலோ... ஸ்பீக்கரை எடுத்துட்டீங்களா?... நிச்சயமா? ரெண்டு கண்ணாலயும் பார்த்து எடுத்தீங்களா?... சரி. என்ன சொன்னாங்க?... ம்... ம்... மறுபடி சொல்லுங்க... நிரந்தரமா?... தலைவரே சொன்னாரா?... தப்பை மூடி மறைக்காம அவர் முன்னாடியே திருத்தினது பிடிச்சிருந்துச்சா? நல்ல வேளை, நீங்க திருத்தறதுக்கு முன்னாடி என்ன பண்ண இருந்தீங்கன்னு கேட்டும் அவர் கேக்காத மாதிரி விட்டுட்டார்... என்ன மாப்பிள்ளை, அழறீங்களா?... தள்ளி நின்னு அழுங்க. அந்த டப்பா மேல ஒரு சொட்டு பட்டாலும் போயிடும்."

பேசிக்கொண்டே கடுகு போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். குனிந்து, பக்கத்திலிருந்த மானிட்டரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத் தூக்கினார்.

"...என்னது? அது மச்சான் போட்ட குழின்னு திரும்பிப் போய்ச் சொல்லப் போறீங்களா?... வேண்டாம்... வேண்டாம்னா வேண்டாம், பேசாம இருங்க. சேவ் பண்ணினீங்களா?... இன்னொரு தடவை பண்ணுங்க... இல்லை, மூச்சு ஒண்ணும் வாங்கலை, கனமான சாமான் தூக்கறேன்... தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் பேசினா அவளும் அழுவா, எனக்கு வேலை இருக்கு... அவகிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க. மாடி ரூம்ல பழைய மானிட்டர் அடுக்கப் போறேன்... ஆமா, நிறைய. கதவையே திறக்க முடியாது. இனிமே அந்த ரூம்ல உங்க யாருக்கும் இடம் கிடையாது, தெரிஞ்சுக்கங்க... ஆமா... ஆமா... போதும், வைடா போனை."